ஹெட்டி இறங்கிய சனிக்கிழமை

வட இங்கிலாந்தின் ரோச்டேலில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பப். அதன் மாடியறையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டம் நடக்கும். புதிதாக யார் படியேறி வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்.

"உங்க துணை யாரு?"

'ஒன்பதாம் துறைமுகம்' தொடரில் கேப்டனின் கப்பலில் ஏறியவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று அர்த்தம். அறுபது வருடமாக விட்டு விட்டு ஓடும் தொடர் அது. கேப்டன் எப்போதும் உண்டு. துணைகள் வருவார்கள், ஒன்றிரண்டு வருடம் அவரோடு நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றுவார்கள், பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிவிடுவார்கள். இறங்கியவரின் பெயரை அடுத்த சனிக்கிழமை கப்பலில் யாரும் எடுக்க மாட்டார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஒரு தடவைகூட மீறப்பட்டதில்லை.

போன மார்ச்சில் இறந்த கீத் ப்ராம்லி, நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்லி வந்தார்.

"ஹெட்டி."

கேட்டவர்கள் சிரிப்பார்கள், அல்லது உதட்டைப் பிதுக்குவார்கள். ஹெட்டி சலவைக்கடையில் வேலை பார்த்த பெண். காற்றில் பறந்த படுக்கை விரிப்பைத் துரத்திக்கொண்டு போய்க் கப்பலில் ஏறிவிட்டவள். ரோச்டேல் பக்கத்து லங்காஷயர் பேச்சு. அவள் பேசுவது புரியவில்லை என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. ஏழு மாதத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒளிபரப்பிய நாடாவை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். ஹெட்டி வந்த வாரங்களில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது சத்தம் மட்டும். அதுவும், நாட்டில் அங்கங்கே சில பையன்கள் டி.வி.க்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்ததால்.

கீத் அந்தப் பையன்களில் ஒருவர்.

1967இல் அவனுக்குப் பதினேழு வயது. டி.வி. பழுதுபார்க்கும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். கடையில் கழித்துப் போட்ட உதிரிகளை வைத்து ஒரு டேப் மெஷின் செய்திருந்தான். டி.வி.யிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால் சத்தம் சுத்தமாகப் பதியும். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிகளில் உட்சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். கம்பியைத் தப்பாகத் தொட்டால் ஆள் காலி. "நீ கம்பி இழுத்தேன்னு தெரிஞ்சா நானே உன்னக் கொன்னுடுவேன், கரண்டு மிச்சம்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் மைக்தான். மைக் என்றால் அறையில் உள்ள எல்லாம் பதியும். கடிகாரம், தெருவில் போகும் பஸ், அம்மா எட்னா அடுப்படியில் பாத்திரம் வைக்கும் ஓசை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கை ஜீன்.

ஜீனுக்குப் பதினான்கு வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடம் போவதில்லை. சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்குக் காத்திருப்பாள். அவளுக்கு ஹெட்டி என்றால் உயிர். டி.வி.யில் தன்னைப் போலப் பேசிய முதல் பெண் அவள்.

"இதோ பாரு, இனிமே ஒரு வார்த்தை பேசக்கூடாது. சக்கரம் சுத்துது."

"மூச்சு விடலாமா சார்?"

"மெதுவா விடு."

"அம்மா! உன் புள்ள என்னை மூச்சு விடக்கூடாதுங்கறான். டாக்டர்கிட்ட சொல்லிக் குடு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. பீன்ஸ் அடிபிடிக்குது எனக்கு" என்று உள்ளேயிருந்து எட்னாவின் குரல் வரும்.

ஹெட்டியின் கடைசிக் கதை ஐந்து வாரம் ஓடியது. ஐந்து சுருள். ஐந்திலும் ஜீன் பேசினாள். வில்லன் வரும்போது ஹெட்டிக்கு எச்சரிக்கை கொடுத்தாள். கேப்டனின் தொப்பியைக் கிண்டல் செய்தாள். ஒரு இடத்தில் இருமல் வந்து, அடக்க முடியாமல், "ஸாரி ஹெட்டி" என்றாள். ஐந்தாவது வாரம், ஹெட்டி துறைமுகத்தில் இறங்கித் திரும்பிக் கேப்டனிடம் கடைசி வார்த்தை சொன்னபோது, ஜீன் அதன் மேலேயே கத்தினாள்.

அடுத்த ஏப்ரலில் ஜீன் இறந்தாள்.

எட்னா அவள் துணிகளை மடித்துச் சர்ச்சுக்குக் கொடுத்தாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஜீன் என்ற பெயர் கேட்கவில்லை. எட்னா கல்நெஞ்சக்காரி அல்ல. பெயரை எடுத்தால் அப்படியே நின்றுபோவோம் என்று பயந்தவள். மில்லில் ஷிப்ட் இருந்தது, நிற்க முடியாது. கீத்தும் அம்மாவிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டான்.

பிறகு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை. நோராவோடு கல்யாணம். ரூத் என்று ஒரு மகள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கீத் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, சுருளை ஓட விடுவார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பதில் வராது. தனக்கு ஒரு அத்தை இருந்தாள் என்பதே ரூத்துக்குப் பதினாறு வயதில்தான் தெரியும். அதையும் நோராதான் சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி.

ரோலண்ட் கிளெக் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கூட்டத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். கைவேலை நேர்த்தி, காது கூர்மை. நாடெங்கும் பையன்கள் பதிந்து வைத்திருந்த பழைய சுருள்களை வாங்கிச் சீர்செய்து, பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார். தொடரை நேசித்தவர்கள் அதைத்தான் நேசத்தின் உச்சம் என்று நினைத்தார்கள். சீர்செய்வது என்றால் வீட்டுச் சத்தத்தை எடுப்பது. இருமல், நாய், கதவு, யாரோ ஒருவரின் பாட்டி. 'வீட்டுச் சத்தம்' என்பது அவர்கள் வைத்த பெயர்.

1984இல், அசல் அப்படியே திரும்பி வரும் என்று நம்பி, கீத் நான்கு சுருள்களை ரோலண்டிடம் கொடுத்தார். ஐந்தாவது அன்று மெஷினிலேயே மாட்டியிருந்தது, எடுக்க மறந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ரோலண்ட் மாடியறையில் நான்கு கேசட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். முகமெல்லாம் பெருமை.

"கேட்டுப் பாரு. கண்ணாடி மாதிரி இருக்கு. ஏதோ ஒரு பொண்ணு நடுநடுவுல தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்துச்சு. கடிகாரம் வேற. எல்லாத்தையும் பிளேடு போட்டு எடுத்துட்டேன். அந்த இடத்துக்கெல்லாம் லீட்ஸ் ஊர்ல ஒருத்தன் பதிஞ்சிருந்த டேப்லேந்து ஒட்டு. எது ஒட்டுன்னு நீயே கண்டுபிடிக்க முடியாது."

"என்னோட டேப்பு?"

"அதான் துண்டு துண்டாப் போச்சே. இது அதைவிட நூறு மடங்கு நல்லதுப்பா."

"வெட்டின துண்டு?"

"குப்பையில. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றார் கீத். "தேங்க்ஸ்." கேசட்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பீரை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வீட்டுக்குப் போய் நான்கையும் கேட்டார். ஹெட்டி தெளிவாகப் பேசினாள். கேப்டன் தெளிவாகப் பேசினார். அறையில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு கீத் ரோலண்டோடு பேசவில்லை. கூட்டத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். "அந்த கிளெக்கிட்ட உப்பு டப்பாவக் கேளு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கீத் சொல்வார். உப்பு டப்பா ஒரு முழத் தூரத்தில்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் வாங்கிக் கொடுப்பார். ஏன் என்று ரோலண்டுக்குத் தெரியாது. தன் வேலை நன்றாக இருந்ததால் வந்த வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது சுருள் கீத்திடம் இருப்பது மெல்ல வெளியே தெரிந்தது. ஹெட்டி இறங்கும் பகுதியின் சத்தம் வேறு யாரிடமும் இல்லை. லீட்ஸ்காரர் அந்த வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்தாராம். ஹெட்டி கேப்டனிடம் கடைசியாக என்ன சொன்னாள் என்பது நாட்டில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்து ஆள் வந்து கேட்டார்கள். கெஞ்சினார்கள்.

"இருக்கு. தர மாட்டேன்."

"புதையல் காக்கிற பூதம் மாதிரி உக்காந்திருக்கியே, செத்தா கூடவே எடுத்துட்டுப் போவியா?"

"இடம் இருந்தா."

நோரா இறந்த பிறகு அலமாரியை ஒழிக்க ரூத் வந்தாள். அவள் பொருளியல்புப் பொறியாளர். பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் எத்தனை வருடத்தில் எப்படிக் கெடும் என்று கணக்கிடுவது அவள் தொழில். ஐந்தாவது சுருள் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இது வினிகர் வாசனை அடிக்குது."

"அடிக்கட்டும்."

"அடிக்கட்டுமில்ல. நாடா சிதைய ஆரம்பிச்சிருச்சு. ஓரமெல்லாம் சுருண்டிருக்கு பாருங்க. இன்னும் ஒரு தடவ ஓடலாம். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது."

கீத் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதே அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறியிருந்தது. லிஃப்ட் பிரேக்குகளில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி முப்பது வருடம் நுரையீரலில் படுத்திருந்துவிட்டு எழுந்திருந்தது.

"மான்செஸ்டர்ல நல்ல லேப் இருக்கு. நான் பேசறேன்" என்றாள் ரூத்.

"அவங்களுக்கு என் மெஷினத் தெரியாது. நாடாவத் தொடுற அதோட ஹெட் கோணல். வேகமும் ஒழுங்கில்ல. அந்தக் கோணலுக்குச் சரிசெஞ்சு ஓட்டினவன் ஒருத்தன்தான்."

"யாரு?"

பெயரைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது. "கிளெக்."

ரோலண்ட் தன் வீட்டுக் கதவைத் திறந்து, கீத்தையும் மகளையும் டப்பாவையும் பார்த்தார். பிறகு கீத், வாசலிலேயே நின்று, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"அந்தத் தொணதொண பொண்ணு என் தங்கச்சி. ஜீன். அடுத்த வருஷம் போயிட்டா. அவ குரல் வேற எங்கயும் இல்ல."

ரோலண்ட் கதவின் பிடியை விடவில்லை.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"சொல்லி? போனது போனதுதானே."

"போகலடா. குப்பை லாரி திங்கக்கிழமதான் வந்துச்சு. நீ கேட்டது சனிக்கிழம. அந்த வாரம்தான் கொட்டினேன், அத்தனை துண்டும் என் வீட்டுத் தொட்டியிலதான் கெடந்துச்சு."

கீத் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ரூத் ஆக்ஸிஜன் உருளையைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரோலண்டும் கீழே உட்கார்ந்தார். எதிர் வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"இதுல அவள எடுக்கக் கூடாது" என்றார் கீத். "ஹெட்டி பேசறது கேக்கலன்னாலும் பரவால்ல. எடுத்துத்தான் ஆகணும்னா இப்பவே சொல்லிடு, நான் கெளம்பறேன்."

"எடுக்க மாட்டேன்."

"ஊருக்குக் குடுக்கறப்பவும்."

"மாட்டேன்னு சொல்றேன்ல. உள்ள வா, குளிருது."

பின்னறையில் பழைய பெரிய மெஷின் இருந்தது. ரோலண்ட் சுருளை மாட்டி, ஒரு சின்னத் திருப்புளியால் ஹெட்டைச் சாய்த்தார். பார்க்காமலே கை அந்தக் கோணத்தில் போய் நின்றது. சக்கரம் சுற்றத் தொடங்கியது. கீத் தன்னையறியாமல் உதட்டில் விரலை வைத்தார். மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு விடு. இது கம்பி வழியா கம்ப்யூட்டருக்குப் போகுது. நீ பாட்டுப் பாடினாலும் பதியாது."

ஆனாலும் மூன்று பேரும் பேசவில்லை. அறைக்குள் 1967இன் கடிகாரம் அடித்தது. எட்னா பாத்திரத்தை வைத்தாள். ஜீன் கேப்டனின் தொப்பியைப் பற்றி ஏதோ சொன்னாள். கீத் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹெட்டி துறைமுகத்தில் இறங்கும் இசை வந்தபோது நாடா அறுந்தது.

ரோலண்ட் உடனே மெஷினை நிறுத்தினார். இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தார். அறுந்த இடத்தின் இரண்டு பிசிறு நுனிகளையும் சாய்வாக வெட்டி நேராக்கி ஒட்டுவதுதான் முறை. ஐம்பது வருடமாக அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். நகத்தின் அகலம் போகும். சத்தத்தில் அது கால் எழுத்து.

கீத் பிளேடைப் பார்த்தார்.

ரோலண்ட் பிளேடைத் திரும்ப இழுப்பறையில் போட்டு மூடினார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு மாட்டிக்கொண்டு, இரண்டு பிசிறு நுனிகளையும் ஒரு உடைந்த கோப்பையின் ஓடுகளைச் சேர்ப்பது போலப் பல்லோடு பல் பொருத்தினார். அவருக்கும் எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நுனிகள் இரண்டு தடவை விலகின. "நான் புடிக்கட்டுமா?" என்று ரூத் கேட்டாள். "ஒரு நுனிய மட்டும் புடி. இழுக்காத." தேநீர் ஆறி மேலே ஆடை படிந்திருந்தபோது ஒட்டு நின்றது.

அதன் பிறகு ஓடியது. ஒட்டின இடத்தில் ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு மாடியறை கொள்ளவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கூட வந்திருந்தார். கீத்தை இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "லிஃப்ட் மெக்கானிக்க லிஃப்ட் இல்லாத எடத்துக்குத் தூக்க வேண்டியிருக்கு பாரு" என்றார் ஒருவர். "மெதுவா, என்னக் கீழ போட்டா டேப்பு கெடைக்காது" என்றார் கீத்.

ரோலண்ட் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. ஓட விட்டார்.

இசை. அந்த 'டிக்'. ஹெட்டியின் குரல், "கேப்டன், நான் ஒண்ணு சொல்லணும்..." அதன் மேலேயே, டி.வி.யைவிட உரக்க, மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"இறங்காதடி ஹெட்டி! அடுத்த சனிக்கிழம உன் பேரக்கூட எடுக்க மாட்டாங்க!"

"ஜீன்! பதிவாகுது!" இது பதினேழு வயதுக் கீத்.

"ஆகட்டும்."

பிறகு கப்பல் கிளம்பும் ஓசை. பிறகு கடிகாரம். பிறகு நாடா முடிந்தது.

முதலில் பேசியவர் ஸ்காட்லாந்துக்காரர்.

"ஹெட்டி என்ன சொன்னான்னே கேக்கலையே. இதுக்கா இத்தனை வருஷம்... இப்ப கம்ப்யூட்டர்ல ரெண்டு குரலையும் பிரிக்கலாமே, அந்தப் பொண்ண எடுத்துட்டா..."

"எடுக்க மாட்டோம்" என்றார் ரோலண்ட்.

"இல்ல, சும்மா ஒரு பிரதிக்கு..."

"காது கேக்கலையா உனக்கு?"

ஸ்காட்லாந்துக்காரர் பீரைப் பார்த்துக் குனிந்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் அப்படியே இருந்தது. அதில் தப்பும் இல்லை.

ஜன்னல் பக்கம் ரோவன் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டுகிற பெண், இருபத்தைந்து வயது இருக்கும், சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் கீத்தின் பக்கம் திரும்பி, புதிதாகப் படியேறி வருகிற யாரைப் பற்றியும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஜீனோட துணை யாரு? ஹெட்டிதானா?"

ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயரைச் சொல்லி அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"ஹெட்டிதான்" என்றார். "ஆனா ஹெட்டிக்கு முன்னாடி ஒரு டாக்டர் வந்தாரே, மீசக்காரர், அவரையும் புடிக்கும். புடிக்கும்னு ஒத்துக்க மாட்டா. அவர் இறங்கின அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லன்னு சொல்லிட்டா. அம்மா அவளுக்கு..." மூச்சு நின்று, குழாயைச் சரிசெய்துகொண்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ரூத் அப்பாவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீழேயிருந்து உருளைக்கிழங்கு வறுவல் தட்டுகள் வந்தன. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ரோலண்ட் கையை நீட்டி, உப்பு டப்பாவை நேராகக் கீத்தின் தட்டருகே வைத்தார்.

"எடுத்துக்க" என்றார். "உங்கம்மா அவளுக்கு என்ன குடுத்தாங்க?"